தோஷமும் கணக்கும்

நமது நாட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படுவதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்படுகின்றன. பணம் போதாது என்பது ஒன்று. ஜாதி ஒத்துவரவில்லை என்பது ஒன்று. நிறம் மட்டம் என்பது மற்றொன்று. இவைகளெல்லாம் அக்கிரமமான காரணங்களேயானாலும், மனிதன் செய்கின்ற அக்கிரமம் என்பதாவது கண்ணுக்குத் தெரிகின்றது. எதிர்த்துப் பேசவும் இடமிருக்கின்றது. ஆனால் "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்" என்று ஜோசியன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டானேயானால், அதற்கு மேல் பேச்சே கிடையாது. பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுகின்றார்கள். தகப்பன் தலை குனிகின்றான். தாய் அழுகின்றாள். ஒரு குற்றமும் செய்யாத பெண், பரிகாரம் என்கின்ற பேரால் வைத்தீஸ்வரன் கோயில் முதற்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றி, கடைசியில் "ராசியில்லாதவள்" என்கின்ற பட்டத்துடன் வீட்டு மூலையில் உட்காருகின்றாள்.

இந்த விஷயத்தில் கடவுள் உண்டா இல்லையா, கிரகங்களுக்கு மனிதன் பேரில் அதிகாரம் உண்டா இல்லையா என்கின்ற விவகாரத்துக்கே நாம் இன்று போகப்போவதில்லை. ஜோசியன் சொல்லும் விதியை ஜோசியன் சொல்லுகின்றபடியே எடுத்துக்கொண்டு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நாலை மாத்திரம் போட்டுப் பார்ப்போம். அதற்கு முதலில், ஒரு காரியம் நடக்கக்கூடிய அளவு எவ்வளவு, இரண்டு மூன்று காரியங்கள் சேர்ந்தால் அந்த அளவு எப்படி ஆகின்றது என்கின்ற சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இதற்கு நிகழ்தகவு என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயரைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. திண்ணையில் தாயம் ஆடுகின்றவர்களுக்கு இதில் பாதி முன்னமேயே தெரியும்.

தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. ஒரு கட்டை நாலு விதமாய் விழலாம். அதன் ஒவ்வொரு விதத்துக்கும் மற்றக் கட்டை நாலு விதமாய் விழலாம். ஆகவே மொத்தம் 16 விதம். தாயம் விழவேண்டுமானால் ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழவேண்டும். அது இரண்டே விதத்தில்தான் ஆகும். எனவே கட்டை கோணலில்லாமல் இருக்குமானால், தாயம் விழுவது 16-ல் 2 பங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு. இதுவும் வேண்டும் அதுவும் வேண்டும் என்றால் பெருக்கவேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும் முதல் விதி.

இனி, எட்டில் ஒரு பங்கு என்பதால் எட்டுத் தரம் உருட்டினால் தாயம் நிச்சயம் விழுந்துவிடும் என்று நினைப்பது தவறு. ஒரு தரத்தில் தாயம் விழாமல் போவது எட்டில் ஏழு பங்கு. எட்டுத் தரமும் விழாமல் போவது எட்டில் ஏழை எட்டுத் தரம் பெருக்கி வருவது. போட்டுப் பார்த்தால் 100-க்கு 34 வருகின்றது. அதாவது 100 பேர் எட்டெட்டுத் தரம் உருட்டினால் 34 பேர் தாயத்தைக் காணாமலே விழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த 34 பேரையும் நாம் "ராசியில்லாத கை" என்கின்றோம். கையின்பேரில் என்ன தப்பு? 100 பேர் ஆடினால் எந்த ஊரிலும், எந்த நாளிலும் ஏறக்குறைய அத்தனை பேர் அப்படித்தான் நிற்பார்கள். ஆகவே பலவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும் என்றால், ஒன்றுமே நடக்காமல் போகும் அளவைக் கண்டு முழுமையிலிருந்து கழிக்கவேண்டும் என்பது இரண்டாவது விதி.

இவ்விதிகளை மக்கள் கண்டுபிடித்ததும் ஆட்டத்திலிருந்துதான். இத்தாலி தேசத்தில் 1501 முதல் 1576 வரை வாழ்ந்த கார்டானோ என்கின்ற வைத்தியர் சூதாட்டக் காய்களைப் பற்றி ஒரு கணக்குப் புத்தகம் எழுதி வைத்தார். அது 1663-ல்தான் அச்சாயிற்று. இந்த மனிதரே ஜாதகம் கணிப்பதிலும் பேர் போனவர் என்பது வேடிக்கை. பிறகு 1654-ல் பிரெஞ்சு தேசத்துப் பாஸ்கலும் பெர்மாவும், சூதாடிகள் கிளப்பிய கேள்விகளைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டு இந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பாஸ்கல் பெரிய பக்திமான். ஆனால் காய் எப்படி விழும் என்பதற்கு அவர் விரல் விட்டு எண்ணினாரேயொழிய, பிரார்த்தனையை நம்பி உட்கார்ந்துவிடவில்லை.

மற்றொரு சங்கதியும் மறக்கக்கூடாது. காய்க்கு ஞாபகம் கிடையாது. 1913-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் மாண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழலும் சக்கரத்தில் கறுப்பே தொடர்ந்து 26 தரம் வந்தது. இனிமேல் சிவப்புத்தானே வரவேண்டும் என்று எண்ணிச் சிவப்பின்மேல் பணத்தைக் கொட்டினவர்கள் மூட்டை மூட்டையாய்த் தோற்றார்கள். அந்தச் சக்கரத்தில் 37 குழி. அதில் கறுப்பு 18. முன்பு எத்தனை தரம் கறுப்பு வந்திருந்தாலும் அடுத்த தரம் கறுப்பு வருவது 37-ல் 18 பங்குதான்.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதியாய்ப் பிறக்கின்றன. நாலு குழந்தைகள் உள்ள 1,600 குடும்பங்களை எடுத்தால், அதில் சுமார் 100 குடும்பத்தில் நாலும் பெண்ணாய் இருப்பது வெறும் கணக்கு. இந்தக் கணக்குக்காக நம் நாட்டில் எத்தனை தாய்மார் வசவு கேட்டிருக்கின்றார்கள்! எத்தனை பேர் தலையில் இரண்டாந்தாரம் வந்து உட்கார்ந்திருக்கின்றது! "ஐந்தாவது ஆண்தான்" என்று ஜோசியன் சொல்லுவதும், "அவள் வயிற்றில் பெண்தான் தங்கும்" என்று மாமியார் சொல்லுவதும், மாண்டி கார்லோ மண்டபத்துப் பேச்சுக்கு எந்த விதத்தில் மேலானது என்று கேட்கின்றோம்.

நிற்க, இப்போது செவ்வாய்க்கு வருவோம்.

நம் நாட்டு ஜோசியர்கள் சொல்லும் விதி என்ன? ஜாதகக் கட்டத்தில் வீடு 12. லக்கினத்திலிருந்து எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கின்றார்கள். பன்னிரண்டில் ஐந்து! லக்கினம் என்பது ஒரு நாளைக்குள் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வந்துவிடுவது. ராசிக்குச் சுமார் இரண்டு மணி நேரம். ஆகவே வருஷத்தின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், 24 மணி நேரத்தில் சுமார் 10 மணி நேரத்தில் பிறக்கின்ற குழந்தைகள் அத்தனைக்கும், ஆனாலும் பெண்ணானாலும், அரசன் வீடானாலும் ஆண்டி வீடானாலும், தோஷம் உண்டு. 100-க்கு ஏறக்குறைய 42 பேர். இதற்குப் பெயர் தோஷமாம்! ஊரில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாய் இருப்பதைக் குறை என்று சொன்னால், இதற்கும் ஒற்றைப்படைத் தேதியில் பிறப்பதற்கும் என்ன வித்தியாசம்?

இதோடு விட்டார்களா? லக்கினத்திலிருந்து எண்ணினால் மாத்திரம் போதாது. சந்திரன் இருக்கும் இடத்திலிருந்தும் எண்ணவேண்டும், சுக்கிரன் இருக்கும் இடத்திலிருந்தும் எண்ணவேண்டும், மூன்றில் எதில் அகப்பட்டாலும் தோஷந்தான் என்று சொல்லும் ஜோசியர்கள் எத்தனையோ பேர். பன்னிரண்டில் ஐந்தை மூன்று தரம் கூட்டினால் பன்னிரண்டில் பதினைந்தாகி, 100 பேரில் 125 பேருக்குத் தோஷம் என்று வரும். அது ஜோசியனுக்கே கூச்சமாய் இருக்கும். ஆதலால் நம் இரண்டாவது விதிப்படி போடுவோம். லக்கினத்தில் தப்புவது 12-ல் 7 பங்கு. சந்திரனில் தப்புவதும் அதே. இரண்டிலும் தப்புவது 144-ல் 49 பங்கு. அதாவது 100-க்கு 34. மற்ற 66 பேரும் தோஷக்காரர்கள். சுக்கிரனையும் சேர்த்துக்கொண்டால் மூன்றிலும் தப்புவது 1,728-ல் 343 பங்கு. சுக்கிரனும் செவ்வாயும் எல்லா வீட்டிலும் சரிசமமாய் விழுவதில்லையாதலால் இந்தக் கடைசிக் கணக்கு உத்தேசந்தான். என்றாலும் 100-க்குச் சுமார் 80 பேர் தோஷக்காரர்கள் என்று ஆகின்றது.

100-க்கு 80 பேரைத் தள்ளினால் கல்யாணக் கடையையே மூடவேண்டியதாய்விடும். அதனால்தான் போலும், இந்த ராசியில் இருந்தால் தோஷமில்லை, இந்தக் கிரகம் பார்த்தால் தோஷமில்லை, இத்தனை வயதுக்கு மேல் தோஷமில்லை என்று விதிவிலக்குகள் விதியைவிட நீளமாய் வளர்ந்திருக்கின்றன. விதியைச் சொல்ல ஒரு கூலி; விலக்கைச் சொல்ல ஒரு கூலி; இரண்டுக்கும் நடுவில் பரிகாரத்துக்கு ஒரு கூலி. இந்த மூன்று கூலியையும் கொடுப்பவன் பெண்ணைப் பெற்றவன்.

மேலும் கேளுங்கள். தோஷமுள்ளவரைத் தோஷமில்லாதவர் கட்டினால் உயிருக்கு ஆபத்து என்கின்றார்கள். சரி. லக்கினக் கணக்கை மாத்திரம் வைத்துப் பார்ப்போம். இருவருக்கும் தோஷம் இருப்பது 144-ல் 25 பங்கு. இருவருக்கும் இல்லாதது 144-ல் 49 பங்கு. மீதி 70 பங்கு பொருந்தாத ஜோடி. அதாவது ஜாதகம் பார்க்காமல் நடக்கின்ற கல்யாணங்களில் 100-க்கு 48-க்கு மேல் பொருந்தாத கல்யாணம். முகம்மதியர்களும் கிறிஸ்தவர்களும் செவ்வாயைக் கேட்டுக்கொண்டா கல்யாணம் செய்கின்றார்கள்? சீனரும் ஐரோப்பியரும் கேட்டார்களா? ஜோசியன் சொல்வது நிஜமானால் அவர்கள் வீடுகளில் ஏறக்குறையப் பாதி வீட்டில் புருஷனோ பெண்சாதியோ சீக்கிரம் செத்துத் தொலைந்திருக்க வேண்டாமா? நம் தெருவிலேயே அடுத்த வீட்டில் இருக்கும் முகம்மதியத் தோழரைப் பாருங்கள். எல்லாரையும் போலத்தான் வாழ்கின்றார்கள். எல்லாரையும் போலத்தான் சாகின்றார்கள். கணக்கு இப்படியிருக்க, கண்ணும் அப்படியே சாட்சி சொல்லும்போது, இனி எந்த ஆதாரம் பாக்கி?

"செவ்வாய் போகட்டும், பத்துப் பொருத்தம் பார்த்தோமே, பத்தும் சேர்ந்து சொன்னால் பொய்யாகுமா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். இங்கேதான் மூன்றாவது விதி வருகின்றது. ஒன்றையொன்று சாராத காரியங்களுக்குத்தான் அளவுகளை அப்படியே பெருக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெருக்கக்கூடாது. இதை மறந்ததால் வந்த கேடு ஒன்றைச் சொல்லுகின்றோம்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்கின்ற வழக்கறிஞர் அம்மையாருக்கு இரண்டு கைக்குழந்தைகள், ஒன்று 1996-லும் ஒன்று 1998-லும், திடீரென்று இறந்து போயின. தாயே கொன்றுவிட்டாள் என்று வழக்கு வந்தது. ஒரு பெரிய வைத்தியர் சாட்சிக் கூண்டில் ஏறி, இப்படிப்பட்ட குடும்பத்தில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை சாவது 8,543-ல் ஒன்று. இரண்டு சாவது அதை அதனாலேயே பெருக்கி, சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று சொன்னார். 1999-ல் அம்மையாருக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. இரண்டு குழந்தைகளும் ஒரே தாய் தகப்பன் வயிற்றில் பிறந்து, ஒரே உடல்வாகு கொண்டு, ஒரே வீட்டில் வளர்ந்தவை; ஒன்றைக் கொன்ற காரணம் மற்றதையும் கொல்லலாமே, எப்படிப் பெருக்கினீர் என்று 2001-ல் இங்கிலாந்தின் புள்ளிவிவர சங்கத்தார் கண்டித்தார்கள். அன்றியும், அபூர்வம் என்பதாலேயே கொலை என்று ஆகிவிடாது. பெற்ற தாய் இரண்டு பிள்ளைகளைக் கொல்வதும் அபூர்வமல்லவா? இரண்டு அபூர்வங்களில் எது பெரிது என்றுதானே பார்க்கவேண்டும்? வைத்தியர் ஒருவர் மறைத்து வைத்திருந்த பரிசோதனை முடிவும் வெளிவந்து, 2003-ல் தண்டனை ரத்தாயிற்று. ஆனால் அம்மையார் மனம் உடைந்து 2007-ல் காலமானார். படித்தவர்கள் நிறைந்த கோர்ட்டில், தப்பான ஒரு பெருக்கல் ஒரு தாயின் வாழ்வை அழிக்கத் துணை நின்றது.

இனிப் பத்துப் பொருத்தத்தைப் பாருங்கள். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்பவை பத்து. இவை பத்தும் எதிலிருந்து எடுக்கப்படுகின்றன? இருவருடைய நட்சத்திரமும் ராசியுமே. அவை இரண்டும் எதிலிருந்து வருகின்றன? பிறந்தபோது சந்திரன் நின்ற இடம் ஒன்றிலிருந்தே. ஆகவே பத்துச் சாட்சி என்பது பொய். ஒரே ஆள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பத்துப் பேர் கூண்டேறுகின்றார்கள். நட்சத்திரமோ 27-தான். 140 கோடிக்கு மேல் மக்கள் உள்ள இந்தியாவில், ஒரு நட்சத்திரத்துக்குச் சுமார் 5 கோடி பேர். ஒரு பையனைப் பார்க்காமலே நட்சத்திரத்துக்காகத் தள்ளுகின்றவன், அந்த 5 கோடிப் பேரின் குணத்தையும் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லுகின்றான்.

"எங்கள் ஜோசியர் சொன்னது அப்படியே பலித்ததே!" என்பார் மற்றொருவர். பலித்திருக்கும், நாம் மறுக்கவில்லை. 800 பேர் ஒரு ஜோசியனிடம் போகின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும், பலிக்கவும் பலிக்காமலிருக்கவும் சரிபாதியான மூன்று சங்கதிகளை வாய்க்கு வந்தபடி அவன் சொல்லட்டும். மூன்றும் பலிப்பது எட்டில் ஒரு பங்கு, 100 பேர். ஒன்றாவது பலிப்பது எட்டில் ஏழு பங்கு, 700 பேர். மூன்றும் பொய்த்துப்போனவர்கள் 100 பேர்தான். மூன்றும் பலித்தவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கின்றான். ஒன்று பலித்தவன் அதை மாத்திரம் சொல்லுகின்றான். ஒன்றும் பலிக்காதவன் "நம் தலையெழுத்து" என்று வாயை மூடிக்கொள்கின்றான். ஒன்றும் தெரியாத ஒருவன் இப்படிப் பெரிய ஜோசியனாகிவிட முடியும்.

அப்படியானால் பொருத்தமே பார்க்கக்கூடாதா என்றால், பார்க்கவேண்டிய பொருத்தம் ஒன்று இருக்கின்றது. அதைத்தான் நாம் பார்ப்பதில்லை. தலசீமியா போன்ற சில ரத்த வியாதிகளின் வித்து, உடம்பில் ஒரு கெடுதலும் காட்டாமல் மறைந்து கிடக்கும். புருஷன் பெண்சாதி இருவரிடமும் அந்த வித்து இருந்தால், தகப்பனிடமிருந்து குழந்தைக்கு வருவது பாதி, தாயிடமிருந்து வருவது பாதி, இரண்டும் சேர்ந்து வந்து வியாதியாவது நாலில் ஒரு பங்கு. இரண்டு குழந்தை பெற்றால் ஒன்றுக்காவது வருவது 16-ல் 7 பங்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவது தப்பிவிடும் என்பதும் கிடையாது. காய்க்கு ஞாபகமில்லை என்று முன்பே சொன்னோம். இதில் நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது அபாயத்தை அதிகப்படுத்துகின்றது. தாய்மாமனிடம் இப்படி ஒரு வித்து இருந்தால், அவன் அக்காளிடமும் இருப்பது பாதி, அக்காள் மகளிடம் இருப்பது அதில் பாதி. ஆகவே நாலில் ஒரு பங்கு அந்தப் பெண்ணிடமும் அது இருக்கும். அசலில் கட்டினால் இவ்வளவு இராது. இதற்கு எந்தப் பரிகாரமும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் தெரிந்துவிடும். ஜாதகக் கட்டோ இதைப்பற்றி வாயே திறவாது. தோஷமில்லாத இடத்தில் தோஷம் காட்டுவதும், ஆபத்து இருக்கும் இடத்தில் சுபமுகூர்த்தம் குறிப்பதும்தானே இந்த சாஸ்திரத்தின் யோக்கியதை!

தோழர்களே! புரோகிதன் இல்லாமல் செய்யும் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்று 1967-ல் நமது சட்டசபையிலேயே தீர்மானித்தாய்விட்டது. ஒரு கல்யாணம் செல்லுபடியாவதற்கு ஜாதகம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. கேட்பது நம்முடைய பயம் ஒன்றுதான். ஆகவே உங்கள் ஊரில் இனி ஒரு பெண்ணைச் செவ்வாய் என்று சொல்லி ஒருவன் தள்ளினால், சண்டைக்குப் போகவேண்டாம். ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு கட்டம் போட்டு, ஐந்தைக் குறித்துக் காட்டி, "அப்பா, உன் வீட்டில் எத்தனை பேர் இந்தக் கணக்கில் தப்புவார்கள், எண்ணிச் சொல்லு" என்று கேளுங்கள். பையனின் படிப்பென்ன, குணமென்ன, தொழிலென்ன, உடம்பு எப்படி, பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கின்றதா என்கின்ற இந்தப் பொருத்தங்களைப் பார்த்துக் கல்யாணத்தை முடியுங்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை போதும், இந்தத் தோஷத்தைக் கழிப்பதற்கு. வேறு பரிகாரம் ஒன்றும் வேண்டியதில்லை என்று உறுதியாய்ச் சொல்லுகின்றோம்.